தாடை மூட்டு வலி: அறிதலும் சிகிச்சையும் – ஒரு வரலாறு

தாடை மூட்டு வலி என்பது கீழ்த்தாடை எலும்பு மண்டையோட்டுடன் இணையும் மூட்டிலும், அதை இயக்கும் மெல்லும் தசைகளிலும் தோன்றும் வலியைக் குறிக்கும். காதுக்கு முன்னால் வலித்தல், வாயைத் திறக்கும்போது 'கிளிக்' என்ற ஒலி கேட்டல், வாயை முழுதாகத் திறக்க முடியாமை, தாடை இறுகிக்கொள்ளுதல் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். இவற்றை உண்டாக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட நிலைமைகள் இன்று 'தாடை மூட்டுக் கோளாறுகள்' என்ற பொதுப்பெயரால் அழைக்கப்படுகின்றன. வலியுள்ள தாடை மூட்டுக் கோளாறு மக்களில் 5 முதல் 12 விழுக்காட்டினரிடம் காணப்படுவதாக அமெரிக்கத் தேசியப் பல் மற்றும் தலைமுக ஆய்வு நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது ஏறத்தாழ இருமடங்கு அதிகம்.

இந்த வலியின் மருத்துவ வரலாறு நேர்கோட்டில் முன்னேறிய ஒன்று அல்ல. ஒவ்வொரு தலைமுறையும் வலிக்கு ஒரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நம்பியது. முதலில் எலும்பு, பின்னர் பல், அதன்பின் தசை, பிறகு மூட்டின் உள்ளே இருக்கும் வட்டு என்று அந்தக் காரணம் மாறிக்கொண்டே வந்தது. காரணம் எதுவோ, அதைத் திருத்துவதே சிகிச்சை எனக் கருதப்பட்டது. இதனால் பல்லாயிரம் பேரின் பற்கள் தேய்க்கப்பட்டன, மூட்டுகள் அறுக்கப்பட்டன, சிலருக்கு மீளவே முடியாத கேடும் விளைந்தது. திரும்பப் பெறக்கூடிய எளிய சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்ற இன்றைய நெறி அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

மூட்டின் அமைப்பு

இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள மூட்டின் அமைப்பைச் சுருக்கமாக அறிவது உதவும். காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், ஒரு குமிழ் முன்னும் பின்னும் நகர்வதை உணரலாம். அது கீழ்த்தாடை எலும்பின் மேல்முனை. மண்டையோட்டின் கடைநுதல் எலும்பில் உள்ள ஒரு குழியில் இந்தக் குமிழ் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நார்த்திசுவால் ஆன மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது.

கதவின் கீல் ஒரே அச்சில் சுழல்வது. தாடை மூட்டு அவ்வளவு எளியதன்று. வாயைத் திறக்கத் தொடங்கும்போது குமிழ் முதலில் கீல்போலச் சுழல்கிறது. மேலும் திறக்கும்போது வட்டையும் சேர்த்துக்கொண்டு முன்னோக்கிச் சறுக்குகிறது. வலமும் இடமும் உள்ள இரு மூட்டுகளும் ஒரே எலும்பின் இரு முனைகள் ஆதலால், ஒன்று அசையாமல் மற்றொன்று அசைய முடியாது. வளர்ந்தவர் ஒருவர் வாயைத் திறக்கும் அளவு பொதுவாக 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். தம் கைவிரல்கள் மூன்றைச் செங்குத்தாக வைக்கும் அளவு என்று இதைத் தோராயமாகக் கொள்ளலாம்.

மூட்டு காதுக்கு மிக அருகில் இருப்பதால், மூட்டில் தோன்றும் வலி காதுவலியாக உணரப்படுவதுண்டு. கன்னத்திலும் பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளின் வலி தலைவலியாகவும் பல்வலியாகவும் தோன்றும். எனவே நோயாளிகள் காது மருத்துவர், பல் மருத்துவர், நரம்பியல் மருத்துவர் என்று மாறிமாறிச் செல்வது அன்றுமுதல் இன்றுவரை தொடர்கிறது.

தொன்மைக் காலம்: நழுவிய தாடை

பழங்கால மருத்துவர்கள் அறிந்திருந்தது பெரும்பாலும் ஒரே ஒரு நிலைமையை. கொட்டாவி விடும்போதோ அடிபடும்போதோ தாடை நழுவி, வாய் மூட முடியாமல் போவதே அது. கண்ணுக்கு நேராகத் தெரியும் கோளாறு ஆதலால் அதற்குரிய சிகிச்சையும் மிக முன்னதாகவே உருவாகிவிட்டது.

எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரசு ஏறத்தாழ கி.மு. 1600 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதைவிடப் பழைய நூல் ஒன்றின் படி எனக் கருதப்படும் இதில் 48 காயங்களும் அவற்றின் சிகிச்சைகளும் வரிசையாக எழுதப்பட்டுள்ளன. 25 ஆவது நோயாளி தாடை நழுவியவர். மருத்துவர் தம் இரு கட்டைவிரல்களையும் நோயாளியின் வாய்க்குள் தாடை எலும்பின் மேல் வைத்து, மற்ற விரல்களால் முகவாயைப் பிடித்து, தாடையைப் பழைய இடத்துக்குத் தள்ள வேண்டும் என்கிறது அந்நூல். கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் 'மூட்டுகள் பற்றி' என்ற நூலும் இதைப் போன்ற முறையையே விளக்குகிறது. இன்று மருத்துவமனையின் அவசரப் பிரிவுகளில் கையாளப்படும் முறையும் அடிப்படையில் இதுவே. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக ஏறக்குறைய மாறாமல் வந்துள்ள சிகிச்சைகள் மருத்துவத்தில் மிகச் சிலவே.

இந்தியாவில் சுசுருத சங்கிதை, எலும்பு முறிவுகளையும் மூட்டு நழுவல்களையும் பற்றிய பகுதியில் தாடை மூட்டைக் குறிப்பிடுகிறது. ஒற்றடம் கொடுத்து, மூட்டைச் சரியான இடத்தில் பொருத்தி, கட்டுப் போடச் சொல்கிறது. தாடை இறுகிக்கொள்ளும் நிலைமையை ஆயுர்வேத நூல்கள் 'அனுக்கிரகம்' என்ற பெயரில் வாத நோய்களுள் ஒன்றாக வைத்தன.

இந்நூல்கள் எதிலும் வெளிப்படையான காயமோ நழுவலோ இல்லாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் தாடை வலி ஒரு தனி நோயாக விளக்கப்படவில்லை. அது மருத்துவர்களின் கவனத்துக்கு வர மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின.

19 ஆம் நூற்றாண்டு: வட்டின் மீது கண்

இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822 ஆம் ஆண்டில் மூட்டு நழுவல்களையும் எலும்பு முறிவுகளையும் பற்றிய தம் நூலை வெளியிட்டார். முழுமையாக நழுவாமல், அசையும்போது மூட்டில் சொடுக்கு ஒலி எழுந்து சற்றே வலிக்கும் ஒரு நிலைமையை அவர் அதில் தனியே விவரித்தார். தாடைக் குமிழ் வட்டை விட்டு விலகிச் செல்வதால் இது நேர்கிறது என்றும், இளம் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது என்றும் அவர் எழுதினார். கதிர்ப்படங்கள் எதுவும் இல்லாத காலத்தில், உடற்கூற்று அறிவையும் நோயாளியின் சொற்களையும் மட்டுமே கொண்டு அவர் இதை ஊகித்தார்.

1887 ஆம் ஆண்டில் எடின்பரோவின் தாமஸ் அனன்டேல் அடுத்த படிக்குச் சென்றார். மூட்டைத் திறந்து, இடம்பெயர்ந்த வட்டை இழுத்து, குடல்நூலால் அருகிலுள்ள திசுக்களோடு தைத்தார். இரு நோயாளிகளுக்குச் செய்த இந்த அறுவையைப் பற்றி 'தி லான்செட்' இதழில் அவர் எழுதினார். தாடை மூட்டு வட்டைத் திருத்தியமைக்கும் அறுவையின் முதற்பதிவாக இது கருதப்படுகிறது. 1909 ஆம் ஆண்டில் லான்ஸ் என்ற அறுவை மருத்துவர் வட்டையே அகற்றியதைப் பற்றி எழுதினார். எனினும் இம்முறைகள் அன்று பரவலாகவில்லை. பல் மருத்துவம் தனித்துறையாக வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தாடை வலி பற்றிய சிந்தனையும் அறுவை அரங்கிலிருந்து பல் மருத்துவர் நாற்காலிக்கு இடம் மாறியது.

காஸ்டனும் 11 நோயாளிகளும்

அம்மாற்றத்துக்கு வித்திட்டவர் ஒரு பல் மருத்துவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் காஸ்டன், 1934 ஆம் ஆண்டில் 11 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காது அடைப்பு, காதில் இரைச்சல், தலைசுற்றல், காதைச் சுற்றி வலி, நாக்கில் எரிச்சல் ஆகியவற்றோடு வந்தவர்கள் அவர்கள்.

கடைவாய்ப் பற்களை இழந்தவர்களுக்கு வாய் அளவுக்கு மீறி மூடிக்கொள்கிறது, அதனால் தாடைக் குமிழ் பின்னோக்கித் தள்ளப்படுகிறது, அது காதுக்கு அருகிலுள்ள நரம்புகளையும் குழலையும் அழுத்துகிறது என்பது காஸ்டனின் விளக்கம். செயற்கைப் பற்களால் கடியின் உயரத்தைக் கூட்டினால் வலி நீங்கும் என்றார் அவர். காது மருத்துவரின் நோயாளி இவ்வாறு பல் மருத்துவரின் நோயாளி ஆனார். 'காஸ்டன் நோய்த்தொகுதி' என்ற பெயரும் விரைவில் பாடநூல்களில் இடம்பெற்றது.

வியன்னாவில் பயின்று பின்னர் சிகாகோவில் குடியேறிய உடற்கூற்றியல் அறிஞர் ஹாரி சிக்கர் 1948 ஆம் ஆண்டில் இதை மறுத்தார். காஸ்டன் குறிப்பிட்ட நரம்புகள் இருக்கும் இடத்தை எலும்புகளோடு ஒப்பிட்டால், குமிழ் அவற்றை அந்த வகையில் அழுத்த இயலாது என்று அவர் காட்டினார். காஸ்டனின் உடற்கூற்று விளக்கம் இவ்வாறு வீழ்ந்தது. ஆனால் அதன் மையக் கருத்து வீழவில்லை. பற்கள் சரியாகப் பொருந்தாததே தாடை வலிக்குக் காரணம் என்ற நம்பிக்கை மேலும் வலுப்பெற்றது.

கடிப்பொருத்தக் கோட்பாட்டின் காலம்

அந்த நம்பிக்கைக்கு ஏற்ற தளம் முன்பே உருவாகியிருந்தது. கலிபோர்னியாவின் பெவர்லி மெக்கலம் 1926 ஆம் ஆண்டில் தாடையின் அசைவுகளை அளந்து ஆராய்வதற்கென ஒரு கழகத்தை நிறுவியிருந்தார். தாடையின் அசைவைக் கருவிகளில் நுட்பமாகப் பதிவு செய்து, மேற்பற்களும் கீழ்ப்பற்களும் சந்திக்க வேண்டிய சரியான நிலையைக் கணக்கிட முடியும் என்பது இந்த மரபின் அடிப்படை.

1961 ஆம் ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சிகுர்ட் ராம்ஃபியோர்ட், தசைகளின் மின்னியக்கத்தைப் பதிவு செய்து பல் நறநறப்பைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார். பற்களில் எங்கோ ஓரிடத்தில் உள்ள சிறு மேடு இடறும்போது தசைகள் தூண்டப்பட்டுப் பற்கள் கடிபடுகின்றன, அந்த மேட்டைத் தேய்த்துவிட்டால் தசை அமைதியடைகிறது என்ற கருத்தை அது பரப்பியது.

இதன் விளைவு நடைமுறையில் பெரிதாக இருந்தது. வலியோடு வந்தவர்களின் பற்கள் தேய்த்துச் சமனாக்கப்பட்டன. சிலருக்கு எல்லாப் பற்களுக்கும் உறைகள் பொருத்தப்பட்டன. சிலருக்குப் பல் வரிசையே கம்பிகளால் மாற்றி அமைக்கப்பட்டது. இவற்றுள் பல திரும்பப் பெற முடியாதவை. தேய்த்த பல்லின் எனாமல் மீண்டும் வளர்வதில்லை. இவ்வளவுக்கும் அடிப்படையாக இருந்தவை பெரும்பாலும் மருத்துவர்களின் சொந்த அனுபவக் குறிப்புகளே. சிகிச்சை பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வுகள் அப்போது மிக அரிது.

தசையும் மனமும்

இதற்கிடையே நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மற்றொரு பார்வை வளர்ந்தது. அங்கு 1949 ஆம் ஆண்டில் தாடை மூட்டு நோயாளிகளுக்கென ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய லாஸ்லோ ஷ்வார்ட்ஸ், தம்மிடம் வந்தவர்களுள் பெரும்பாலோருக்கு வலி மூட்டில் இல்லை, மெல்லும் தசைகளில்தான் இருக்கிறது என்று கண்டார். பற்களை மட்டும் பார்க்காமல் அப்பற்களுக்கு உரியவரையும் பார்க்க வேண்டும் என்ற கருத்து இங்குதான் வேர்கொண்டது. தசையில் உள்ள வலிமுடிச்சுகள் வேறோர் இடத்தில் வலியை உணரச் செய்கின்றன என்று ஆராய்ந்துவந்த ஜேனட் டிராவெல், 1960 ஆம் ஆண்டில் தலை, கழுத்துத் தசைகளிலிருந்து தாடை மூட்டுக்குப் பரவும் வலியைப் பற்றி எழுதினார். பின்னர் அமெரிக்க அதிபர் கென்னடியின் மருத்துவராகப் பணியாற்றியவரும் இவரே.

1969 ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் டேனியல் லாஸ்கின் இக்கருத்துகளை ஒரே கோட்பாடாகத் தொகுத்தார். மன அழுத்தத்தால் பற்களைக் கடிக்கும் பழக்கம் உண்டாகிறது, அதனால் தசைகள் களைத்து இசிவு கொள்கின்றன, அந்த இசிவே வலி என்றார் அவர். கடிப்பொருத்தம் மாறியிருப்பது சிலரிடம் வலிக்குக் காரணம் அன்று, வலியின் விளைவு என்றும் வாதிட்டார்.

அவருடைய குழு செய்த ஒரு சோதனை இத்துறையின் திருப்புமுனைகளுள் ஒன்று. 1976 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வில், தாடை வலியுள்ள 25 பேருக்குப் பற்களைத் தேய்ப்பதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டது. உண்மையில் எந்தப் பல்லும் தேய்க்கப்படவில்லை. ஆயினும் 16 பேர், அதாவது 64 விழுக்காட்டினர், தங்கள் வலி முழுவதுமாகவோ பெரும்பாலுமோ நீங்கிவிட்டது என்றனர். வலி பொய்யானது என்று இதற்குப் பொருளன்று. தாடை வலி பலருக்குத் தானாகவே தணியக்கூடியது என்பதையும், அக்கறையோடு கவனிக்கப்படுவதும் நம்பிக்கையும் வலியைக் குறைக்கின்றன என்பதையும் இது காட்டியது. பல்லைத் தேய்த்ததால் குணமாயிற்று என்று கூறப்பட்டவற்றில் எவ்வளவு தேய்த்ததன் பலன் என்ற கேள்வியை இனித் தவிர்க்க முடியவில்லை.

இந்தக் கோட்பாட்டுக்கும் ஒரு நிழல் இருந்தது. நோயாளிகளுள் பெண்கள் மிகுதி ஆதலால், 'எல்லாம் மன அழுத்தம்' என்ற சொல் எளிதில் 'எல்லாம் கற்பனை' என்று திரிந்தது. உடலில் காரணம் எதையும் காட்ட முடியாத நோயாளிகள் பலர் நம்பப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்கள் தங்கள் வலிக்குக் கண்ணால் காணக்கூடிய சான்று ஒன்றைத் தேடியதில் வியப்பில்லை. அச்சான்றை விரைவில் படங்கள் தந்தன.

படங்கள் காட்டிய வட்டு

டென்மார்க்கின் ஃப்ளெமிங் நோர்கார்ட் 1947 ஆம் ஆண்டிலேயே, மூட்டுக்குள் நிறமேற்றும் திரவத்தைச் செலுத்திக் கதிர்ப்படம் எடுத்து வட்டின் நிலையைக் காட்டியிருந்தார். 1970-களில் அமெரிக்காவின் வில்லியம் ஃபாரர், கிளைட் வில்க்ஸ் ஆகியோர் இவ்வழியை மீண்டும் எடுத்துக்கொண்டனர். வட்டு முன்னோக்கி நழுவியிருந்தால், வாயைத் திறக்கும்போது குமிழ் அதன் மேல் ஏறும் கணத்தில் 'கிளிக்' ஒலி எழுகிறது. ஏற முடியாமல் போனால் வாய் பாதியிலேயே பூட்டிக்கொள்கிறது. இவ்விளக்கம் தெளிவாக இருந்தது. கூப்பரும் அனன்டேலும் ஊகித்தது நூறாண்டுகளுக்குப் பின் கண்முன் தெரிந்தது.

1980-களில் எம்.ஆர்.ஐ. படங்கள் வந்ததும், ஊசியே இல்லாமல் வட்டைப் பார்க்க முடிந்தது. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்ற ஊக்கத்தில் மூட்டு அறுவைகள் பெருகின. வட்டை இழுத்துத் தைத்தனர், சிதைந்திருந்தால் அகற்றினர். ஆனால் அதே எம்.ஆர்.ஐ. மற்றோர் உண்மையையும் சொன்னது. தாடையில் எந்தத் தொல்லையும் இல்லாத தன்னார்வலர்களைப் படம் எடுத்தபோது, அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு வட்டு இடம்பெயர்ந்திருந்தது. வலியற்ற 'கிளிக்' ஒலிக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை என்ற இன்றைய கருத்துக்கு இதுவே அடிப்படை. இந்தப் பாடம் முழுதாக உணரப்படும் முன்னரே ஒரு பெருந்தவறு நிகழ்ந்துவிட்டது.

டெஃப்லான் வட்டுகளின் துயரம்

அகற்றிய வட்டின் இடத்தில் எதை வைப்பது என்பது அறுவை மருத்துவர்களின் கேள்வியாக இருந்தது. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் இயங்கிய விட்டெக் நிறுவனம், புரோபிளாஸ்ட் என்ற நுண்துளைப் பொருளோடு டெஃப்லான் படலத்தை ஒட்டிய செயற்கை வட்டைத் தயாரித்தது. 1983 ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதை விற்க அனுமதித்தது. ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒரு பொருளுக்கு ஒப்பானது என்று காட்டினால் போதும் என்ற எளிய வழியில் அந்த அனுமதி கிடைத்தது. தாடை மூட்டில் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை மனிதரிடம் நீண்டகாலம் சோதித்துக் காட்டுமாறு கேட்கப்படவில்லை.

தாடை மூட்டு நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை அசைவது. மெல்லும்போது அதன் மீது விழும் விசையும் பெரிது. அவ்விசையில் டெஃப்லான் படலம் தேய்ந்து துகள்களாக உதிர்ந்தது. உடல் அத்துகள்களை அயற்பொருளாகக் கண்டு அழிக்க முயன்றது. அதற்கெனத் திரண்ட பேருயிரணுக்கள் அருகிலிருந்த எலும்பையும் அரித்தன. தாடைக் குமிழ் கரைந்தது. சிலருக்கு மூளைக்கும் மூட்டுக்கும் நடுவிலுள்ள மெல்லிய எலும்பிலும் துளை விழுந்தது. வலியைத் தீர்க்க அறுவைக்குச் சென்றவர்கள் முன்னிலும் கொடிய வலியோடும், வாயைத் திறக்க முடியாமலும், முகத்தோற்றம் மாறியும் வாழ நேர்ந்தது. பொருத்தியதை அகற்றுவதற்கும் அதன்பின் சீரமைப்பதற்கும் பலர் மீண்டும் மீண்டும் அறுவைக்கு உட்பட்டனர்.

1990 ஆம் ஆண்டில் விட்டெக் திவாலானது. அந்த ஆண்டின் இறுதியில் அரசு நிர்வாகம் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்தது. 1991 ஆம் ஆண்டில் இவ்வட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. அதற்குள் பல்லாயிரக்கணக்கில் அவை விநியோகிக்கப்பட்டிருந்தன. 1992 ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதுபற்றி விசாரணை நடத்தியது. 1986 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டி.எம்.ஜே. சங்கம் என்ற நோயாளிகள் அமைப்பு இந்த விவகாரத்தை வெளிக்கொணர்வதில் முன்னின்றது. மருத்துவர்களின் விவாதமாக மட்டும் இருந்த வரலாற்றில் நோயாளிகள் தாங்களே பேசத் தொடங்கிய கட்டம் இது.

1993 ஆம் ஆண்டில் தாடை மூட்டுக்குள் பொருத்தும் கருவிகள் அனைத்தும் மிக உயர்ந்த இடர் வகுப்பில் சேர்க்கப்பட்டன. எலும்பு முற்றிலும் சிதைந்தவர்களுக்கான முழுச் செயற்கை மூட்டுகள் கடும் ஆய்வுக்குப் பின்னரே, 1999 ஆம் ஆண்டு முதல், ஒவ்வொன்றாக ஒப்புதல் பெற்றன.

சிறிய சிகிச்சைகளின் மீள்வரவு

பெரிய அறுவைகள் நம்பிக்கையை இழந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் சிறிய முறைகள் வளர்ந்தன. சப்பானின் மசதோஷி ஓனிஷி 1975 ஆம் ஆண்டில் மெல்லிய குழாய்வழி தாடை மூட்டின் உட்புறத்தைப் பார்க்கும் முறையை வெளியிட்டார். உள்ளே பார்ப்பதற்காகத் திரவத்தைச் செலுத்திக் கழுவியபோது, வட்டைத் தொடாமலேயே பூட்டிய வாய் திறப்பதை மருத்துவர்கள் கவனித்தனர். 1991 ஆம் ஆண்டில் டோரிட் நிட்சானும் உடன் ஆய்வாளர்களும் இதை மேலும் எளிதாக்கினர். இரண்டு ஊசிகளை மூட்டுக்குள் செலுத்தி, ஒன்றின் வழியே திரவத்தை விட்டு மற்றதன் வழியே வெளியேற்றினாலே பலருக்கு வாய் திறந்து வலி குறைந்தது.

இந்நோயாளிகளின் வட்டு பெரும்பாலும் நழுவிய இடத்திலேயே இருந்தது. ஆனாலும் அவர்கள் நலம் பெற்றனர். வட்டைப் பழைய இடத்தில் வைத்தால்தான் குணமாகும் என்ற எண்ணம் இதனால் தளர்ந்தது.

இரண்டு அச்சுகள்

1982 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் கூட்டிய மாநாடு, போட்டியிட்ட பல பெயர்களை விடுத்து 'தாடை மூட்டுக் கோளாறுகள்' என்ற பன்மைப் பெயரை முன்வைத்தது. ஒரே நோய் அல்ல, பல நோய்களின் தொகுதி என்ற ஒப்புதல் அந்தப் பெயரிலேயே இருந்தது. 1992 ஆம் ஆண்டில் சியாட்டில் நகரின் சாமுவேல் ட்வோர்கினும் லிண்டா லெரெஷும் நோயறிதலுக்கான பொதுவரையறைகளை வெளியிட்டனர். முதல் அச்சு தசை, வட்டு, எலும்பு ஆகியவற்றின் நிலையைப் பதிவு செய்தது. இரண்டாம் அச்சு வலியின் கடுமை, அன்றாட வாழ்வில் அது தரும் இடையூறு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பதிவு செய்தது. தசையா மனமா என்ற பழைய சண்டைக்கு இது ஒரு விடை. இரண்டையும் ஒவ்வொரு நோயாளியிடமும் பார்க்க வேண்டும் என்றானது. இவ்வரையறைகள் 2014 ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டன.

2006 ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஓப்பேரா' என்ற அமெரிக்க ஆய்வு, தாடை வலி இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காட்டினருக்குப் புதிதாக வலி தோன்றியது. உடலின் பிற இடங்களிலும் வலி இருத்தல், தூக்கக் குறைவு, மன அழுத்தம், பிற உடல்நலக் குறைகள் ஆகியவை வலி வருவதை முன்கூட்டியே காட்டின. தாடை வலி பலரிடம் தாடையோடு மட்டும் நிற்பதில்லை, நரம்பு மண்டலம் வலியை உணரும் விதத்தோடும் தொடர்புடையது என்பது இதனால் உறுதிப்பட்டது. தூக்கத்தில் பற்களைக் கடிப்பதும் பெரும்பாலும் மூளையால் தூண்டப்படுவது, பற்களின் அமைப்பால் அன்று என்ற கருத்து இதே காலத்தில் வலுப்பெற்றது.

இன்றைய சிகிச்சை

1996 ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மதிப்பீட்டு மாநாடு, திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளுக்குப் போதிய சான்று இல்லை என்றது. 2023 ஆம் ஆண்டு இறுதியில் 'பி.எம்.ஜே.' இதழ் வெளியிட்ட வழிகாட்டி, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த வலிக்கான சிகிச்சைகளை வகைப்படுத்தியது. கண்காணிப்புடன் கூடிய தாடைப் பயிற்சி, உடல் நிலைப் பயிற்சி, சிகிச்சையாளர் கையால் தாடையை அசைத்துத் தளர்த்துதல், வலிமுடிச்சுகளுக்கான சிகிச்சை, அறிதல்-நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றை அது வலுவாகப் பரிந்துரைத்தது. கடிப்பை நிலையாக மாற்றிவிடும் பல்தட்டுகள், வட்டை அகற்றும் அறுவை, அழற்சி எதிர்ப்பு மருந்தோடு அபினி வகை வலிநீக்கியைச் சேர்த்துத் தருதல் ஆகியவற்றுக்கு எதிராக வலுவாகக் கருத்துரைத்தது. இரவில் அணியும் சாதாரணப் பல்தட்டு பற்கள் தேய்வதைத் தடுக்க உதவலாம். ஆனால் நீடித்த வலிக்கு அதன் பலன் உறுதியாகவில்லை.

தொடக்கநிலை வலிக்குப் பின்வரும் எளிய வழிகள் பொதுவாகக் கூறப்படுகின்றன.

• சில வாரங்களுக்கு மென்மையான உணவு. கடினமான பண்டங்களையும் சூயிங்கத்தையும் தவிர்த்தல்.
• உதடுகள் மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடாமல் தாடையைத் தளர்வாக வைத்திருத்தல்.
• வலிக்கும் தசைமீது வெந்நீர் ஒற்றடம். மருத்துவர் கூறும் மென்மையான பயிற்சிகள்.
• கொட்டாவி விடும்போது முகவாயைக் கையால் தாங்குதல்; தாடைக்குக் கை முட்டுக்கொடுத்து உட்காராமல் இருத்தல்.

சில அறிகுறிகள் உடனடி மருத்துவக் கவனிப்பைக் கோருபவை. காய்ச்சலோடு வீக்கம், திறந்த வாய் மூடாமை, கடி திடீரென மாறுதல், முகத்தில் மரத்துப்போதல் ஆகியவை அவற்றுள் சில. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டில் தலைவலியும் மெல்லும்போது தாடைக் களைப்பும் தோன்றினால், அது பார்வையையே பறிக்கக்கூடிய தமனி அழற்சியாக இருக்கலாம். உடல் உழைப்பின்போது தோன்றி ஓய்வில் தணியும் தாடை வலி இதயநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

தொடரும் சிக்கல்

2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கத் தேசிய அறிவியல், பொறியியல், மருத்துவக் கழகங்கள் தாடை மூட்டுக் கோளாறுகளைப் பற்றி விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டன. நோயாளிகள் பொது மருத்துவத்துக்கும் பல் மருத்துவத்துக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார்கள் என்பது அதன் முக்கியக் கண்டறிதல்களுள் ஒன்று. மருத்துவக் கல்வியில் இம்மூட்டுக்கு இடம் குறைவு. பல் மருத்துவக் கல்வியில் நீடித்த வலிக்கு இடம் குறைவு. காப்பீட்டு நிறுவனங்களும் இது உடல் நோயா பல் நோயா என்ற கேள்வியில் செலவை மறுப்பதுண்டு. அதே மாதத்தில் அமெரிக்காவில் வாய்-முக வலி தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டது.

ஆனால் பழைய முறைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வலிக்காகப் பற்களைத் தேய்ப்பதும், 'கிளிக்' ஒலிக்காகவே நீண்ட சிகிச்சை தொடங்குவதும் இன்றும் பல இடங்களில் நடக்கின்றன. தாடை வலியோடு மருத்துவரிடம் செல்பவர், முன்வைக்கப்படும் சிகிச்சை பின்னர் திரும்பப் பெறக்கூடியதா என்று முதலில் கேட்டறிவது நல்லது. அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனதன் விலையைத்தான் 1980-களின் நோயாளிகள் கொடுத்தனர்.